ரிவர்ஸ் விழாத வண்டி

கல்யாணத்தன்று என் மாமனார் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் தேங்காய் பழமும் வைத்து, நடுவில் ஒரு கார் சாவியையும் வைத்து என்னிடம் நீட்டினார். மண்டபமே என்னைப் பொறாமையோடு பார்ப்பதாக நினைத்துக்கொண்டேன். அது பொறாமை இல்லை, இரக்கம் என்று மறுவீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. கார் மாட்டுக் கொட்டகையில் நின்றது. அதன் முதுகில் உர மூட்டைகள் அடுக்கியிருந்தன. அது நகர்ந்து பல வருடம் ஆகிவிட்டது என்பது திருவையாற்றைச் சுற்றி என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு கதவு, இரண்டே இருக்கை, மடக்குகிற துணிக்கூரை. மாமனார் இளவட்டமாக இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். அதில் நாகூர் வரை போய்க் கடற்கரை மணலில் சிக்கிக்கொண்ட கதையை அவர் சலிக்காமல் சொல்வார். பிறகு அதன் கியர்பாக்ஸ் கெட்டது. மூன்றாவது கியர் ஓட ஓடத் தானாகக் கழன்றுகொள்ளும். முதல் கியர் கர்ரென்று அலறும். கடைசியில் எந்தக் கியரும் விழாமல் போயிற்று. பாகங்கள் எங்கும் கிடைக்கவில்லை. விற்கவும் மனம் வராமல் மாப்பிள்ளைக்குச் சீராகத் தந்துவிட்டார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். கியர்பாக்ஸுக்குள் பல் என்று ஒன்றுமே மிச்சமில்லை.

அப்போது நாங்கள் சென்னையில் இருந்தோம். ஓடாத கார் மாமனார் வீட்டில் நிற்பதில் எனக்கு என்ன நஷ்டம்? நானும் ஒருநாள் அதே வீட்டில் போய் நிற்பேன் என்று யார் கண்டது!

மாமியார் திடீரென்று இறந்துபோனார். காரியத்துக்காகப் போனோம். என் மனைவி அவர்களுக்கு ஒரே பெண். பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, கிளம்பலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மாமனார் இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. "மாப்பிள்ள பெட்டி தூக்கக் கூடாது" என்று அதை என் கையிலிருந்து வாங்கினார். வாங்கியவர் வாசலுக்குப் போகாமல் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். என் மனைவி அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று அன்று ராத்திரி முடிவு செய்தோம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள். எங்களுடையது ஏழு வருடம் ஆயிற்று. தஞ்சாவூரை ஒட்டிய ஒரு கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தது. அவளுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. பெட்டி பரணுக்கு ஏறிவிட்டது.

ஜெயிலை மாமியார் வீடு என்று முதலில் சொன்னவன் நிச்சயம் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தவன்தான். என்னைக் கட்டிப்போட்ட கயிறு மரியாதை. நான் கூடத்துக்கு வந்தால் மாமனார் எழுந்து நிற்பார். அவர் எழுந்து நிற்கிறாரே என்று நான் கூடத்துக்கு வருவதையே குறைத்துக்கொண்டேன். நான் சாப்பிட்டு எழும்வரை அவர் இலைமுன் உட்கார மாட்டார். பசி தாங்காத மனிதர் என்பதால் நான் அள்ளிப்போட்டுக்கொண்டு எழுவேன். ஒருநாள் கடைத்தெருவில் ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கி வந்துவிட்டேன். "ஊர்ல என்ன நெனைப்பாங்க மாப்பிள்ள?" என்று ஒரு வாரம் வருத்தமாக இருந்தார். வாளியைத் தொட்டால் வாங்கிவிடுவார். மண்வெட்டியைத் தொட்டால் பதறுவார். லுங்கியோடு வாசலில் நிற்க முடியாது, உரக்க ஒரு தும்மல் போட முடியாது. திட்டுகிற மாமனாராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்திருக்கலாம். கும்பிடுகிறவரிடம் என்ன செய்வது? எனக்கு மூச்சு முட்டியது. பல நாள் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு வாழை மரத்தைத் திட்டியிருக்கிறேன்.

அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லக்கூடிய ஒரே பொருள் அந்தக் கார். அதையாவது ஓட வைப்போம் என்று ஒரு மழைக்காலத்தில் எனக்கு வெறி வந்தது. தஞ்சாவூர் பைபாஸ் பக்கம் வாய் ஓயாத ஒரு மெக்கானிக் இருந்தார். லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அவரிடம் இறக்கினேன். பழைய நாலு கியர் பெட்டியை மறந்துவிடுங்கள், ஜீப்பின் ஐந்து கியர் பெட்டியை மாட்டிவிடலாம் என்றார் அவர்.

"உக்காருமா?" என்று கேட்டேன்.

"தானா உக்காராது சார். நாமதான் உக்கார வைக்கணும்."

உட்கார வைக்க மழைக்காலம் போய்ப் பொங்கலும் போயிற்று. இன்ஜின் ஒரு காலத்தது, பெட்டி வேறொரு காலத்தது. இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு கனத்த தகடு வேண்டும். லேத் பட்டறையில் அதைக் கடைந்து வந்தால் ஒரு போல்ட் ஓட்டை மயிரிழை தள்ளியிருக்கும். திரும்ப லேத்துக்கு ஓட வேண்டும். புதிய பெட்டி நீளம் என்பதால் பின்சக்கரத்துக்குப் போகும் ஷாப்டை வெட்டிக் குறைத்து வெல்டு வைத்தார்கள். கியர் கம்பி பழைய இடத்தைவிட்டு ஒரு சாண் பின்னால் வந்து முளைத்ததால், நடுவில் மேடாக இருக்கும் தகட்டு மூடியில் புதிதாக ஓட்டை வெட்டினார்கள்.

கல்லூரி விட்டதும் நான் அங்கேதான் போவேன். அங்கே யாரும் எனக்காக எழுந்து நிற்கவில்லை. "சார், இதப் புடிங்க" என்று கிரீஸ் கையோடு ஸ்பானரைத் திணிப்பார் மெக்கானிக். "சார், அப்புடியே நாலு டீ சொல்லிட்டு வந்துடுங்க" என்பார். டீக்கடைக்கு நடக்கும்போது எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல் இருக்கும்.

தை மாதக் கடைசியில் என் மனைவிக்குக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் சேர வேண்டும். எனக்கும் அங்கே ஒரு கல்லூரியில் இடம் பேசியாயிற்று. வீடுகூடப் பார்த்துவிட்டோம். மாமனாரையும் கூப்பிடலாம் என்றால், அவர் பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்க மாட்டார், அது அவர் கொள்கை. ஆக, அவரைத் தனியே விட்டுவிட்டுப் போக வேண்டும். அதை அவரிடம் சொல்ல வேண்டும்.

"நான் சொன்னா அழுகையில முடிஞ்சிடும்" என்றாள் அவள். "நீங்க சொன்னா மரியாதையோட முடியும். நீங்களே சொல்லுங்க."

"உங்கப்பா என் முன்னாடி உக்காந்தாத்தான சொல்றதுக்கு?"

"கார்ல உக்காந்துதான ஆவணும்?"

அதுவும் சரிதான். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கார் தயாராகி முதல் ஓட்டம் போகும்போது சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று.

மாசியில் கார் தயாரானது. மாமனார் வேட்டியும் துண்டும் வெளுப்பாக, எலுமிச்சம்பழம், கற்பூரம், மல்லிகைச் சரம் சகிதம் பட்டறைக்கே வந்துவிட்டார். மெக்கானிக் அப்போதுதான் தகட்டு மூடியைத் திருகி முடித்திருந்தார்.

"ஒரு தடவ ரிவர்ஸ் போட்டுப் பாத்துடுறேன். மூடி போட்டப்புறம் பாக்கல" என்றார்.

"மொத மொத வண்டி பின்னாலயா போவும்?" மாமனாருக்கு முகம் மாறிவிட்டது. "புதுப் பெட்டி போட்ட வண்டி. முன்னால எடுங்க. மத்ததெல்லாம் அப்பறம்."

வாய் ஓயாத மெக்கானிக்கும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே. புது வண்டி பின்வாங்கிப் புறப்பட்டால் விளங்காது என்று அவர் வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள். கார் தெருவைப் பார்த்து நின்றது. கியர் கம்பியில் பூவைச் சுற்றி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். நான் முதல் கியர் போட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் விழுந்தது. பழம் நசுங்க வண்டி புறப்பட்டது.

திருவையாறு ரோட்டில் நான்காவது கியர்வரை போனேன். ஐந்தாவது போட எங்கள் பக்கத்தில் ரோடு இல்லை. ஊர் நெருங்கியதும் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

"வாய்க்கால் கரையில விடுங்க மாப்பிள்ள. வயல்ல அறுப்பு நடக்குது. ஆளுங்க பாக்கட்டும்" என்றார்.

கரை ரோடு ஒரு வண்டி அகலம். ஒரு பக்கம் தண்ணீர் வற்றிய வாய்க்கால், மறுபக்கம் தாழ்வாக வயல். பாதி தூரம் போனபோது எதிரே ரோட்டை அடைத்துக்கொண்டு ஓர் அறுவடை இயந்திரம் வந்தது. அதன் பின்னால் நெல் ஏற்றிய டிராக்டர். அறுவடை வண்டிக்காரர் மேலே இருந்தபடியே கையைக் காட்டினார்.

"சார், நீங்க பின்னால எடுத்துக்குங்க. எங்களால முடியாது."

ரிவர்ஸ் போட்டேன். கம்பி வலப்பக்கம் சாய்ந்து பின்னால் வர வேண்டும். பாதியில் 'டங்' என்று தகட்டு மூடியில் இடித்து நின்றது. ஓட்டை அந்த மூலையில் போதவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். டங்.

"அமுத்திப் போடுங்க" என்றார் மாமனார்.

"விழல மாமா."

"நல்லா அமுத்துங்க."

"அமுத்துனா கம்பி கையோட வந்துடும் மாமா."

"அப்ப இந்த வண்டி பின்னால போவாதா?"

"நீங்கதான போவக் கூடாதுன்னீங்க?"

ஏழு வருடத்தில் நான் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னால் போக முடியாது, பின்னால் போக முடியாது, பக்கத்தில் இறங்கினால் பள்ளம். என் வாழ்க்கையை யாரோ கரைமேல் கொண்டுவந்து வைத்துக் காட்டுவதாகத் தோன்றி, எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தள்ளித்தான் ஆக வேண்டும். கதவைத் திறந்தேன்.

"எறங்காதீங்க மாப்பிள்ள" என்று மாமனார் பதறினார். "மாப்பிள்ள வண்டி தள்றதா? நான் தள்றேன்."

"பெரியவரே, நீங்க ஸ்டேரிங்கப் புடிங்க. இந்தக் கரை உங்களுக்குத்தான் அத்துப்படி" என்றார் அறுவடை வண்டிக்காரர். அவரும் டிராக்டர்காரரும் இறங்கி வந்துவிட்டார்கள்.

மாமனார் மனமில்லாமல் என் இருக்கைக்கு நகர்ந்தார். நான் முன்பக்கம் போய் பானட்டில் கைவைத்தேன். மூன்று பேரும் தள்ளினோம். வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தது. கூரை மடக்கிய வண்டி. அவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என் எதிரில் உட்கார்ந்திருப்பதும், அதே சமயம் என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதும் இனி எப்போது வாய்க்கும்? மூச்சு இரைக்கத் தள்ளிக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"மாமா, நாங்க கோயம்புத்தூர் போறோம். அவளுக்கு அங்க வேல கெடச்சிருக்கு. எனக்குந்தான். அங்கயே இருக்கப் போறோம்."

டிராக்டர்காரர் தள்ளுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மாமனார் திரும்பவில்லை. கழுத்து நரம்பு மட்டும் விடைத்துக்கொண்டது.

"மாசியில குடி போவக் கூடாது மாப்பிள்ள" என்றார். கொஞ்சம் கழித்து, "நேராத் தள்ளுங்க" என்றார்.

மதகுப் பக்கம் அகலமான இடம்வரை தள்ளி ஒதுக்கினோம். அறுவடை வண்டியும் டிராக்டரும் கடந்து போயின. நாங்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் டிராக்டர்காரர் தயவில் செய்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. மாமனார் சொல்லச் சொல்ல நான் வண்டியை நேராகக் கொட்டகைக்குள் விட்டேன். மூக்கு சுவரைப் பார்க்க நின்றது. ரிவர்ஸ் இல்லாத வண்டி உள்ளே போய்விட்டது, இனி எப்படி வெளியே வரும் என்பது சாவியை எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மெக்கானிக்கை வரவழைக்கிறேன் என்றால், "வெயில் தணியட்டும் மாப்பிள்ள" என்பார். மற்றதற்குப் பஞ்சாங்கம் இருந்தது. மாசி போயிற்று. பங்குனியில் யாராவது குடி போவார்களா? சித்திரையில் அக்னி நட்சத்திரம். வைகாசியில் என் மனைவியின் நட்சத்திரத்துக்கு ஒத்த நாள் ஒன்றுகூட இல்லையாம். ஆனியில் மாமியார் திதி வருகிறது. அது முடிந்தால் ஆடி. "ஆவணி பொறக்கட்டும் மாப்பிள்ள, நானே லாரி புடிச்சு ஏத்தி விடுறேன்." பள்ளிக்கூடம் திறப்பது வைகாசிக் கடைசியில். ஆவணிவரை அந்த வேலை காத்திருக்காது என்று அவருக்கும் தெரியும். ஒரு தடவைகூட அவர் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சத்தம் போட்டிருப்பேன்.

"இன்னும் ஒரு வருஷம் பாக்கலாமா?" என்று என் மனைவி ஒரு மத்தியானம் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள். அப்பாவை விட்டுப் போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை அவளுக்கு. நான் எழுந்து கொட்டகைக்குப் போனேன்.

மெக்கானிக் போனில் சொன்னபடி மூடியில் கம்பி இடிக்கும் மூலையைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, ஹாக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றி அறுக்க ஆரம்பித்தேன். இரும்பை அறுக்கும் சத்தம் வீட்டுக்குள் கேட்காமல் இருக்காது. யாராவது வந்து பிளேடை வாங்கிவிடுவார்கள் என்று ஒரு காதை வாசலில் வைத்துக்கொண்டே அறுத்தேன். விரலில் ரத்தம் வந்தது. யாரும் வரவில்லை. இரண்டு விரல் அகலத்துக்குத் தகடு விழுந்ததும் கம்பியைச் சாய்த்துப் பின்னால் இழுத்தேன். கடக். ரிவர்ஸ் விழுந்துவிட்டது. நான் அந்த ஓட்டை வண்டியில் தலை சாய்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாமான்களை முதல் நாளே வேனில் அனுப்பிவிட்டோம். கிளம்பிய அன்று ராகு காலமா, எமகண்டமா என்று நான் பார்க்கவில்லை. மாமனார் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் வந்ததும் வழக்கம்போல் எழுந்து நின்றார். என் மனைவி காலில் விழுந்து, "போய்ட்டு வர்றேம்ப்பா" என்றாள். அவர் விபூதி பூசிவிட்டார். பரணிலிருந்து இறக்கிய அதே பெட்டியை நான் தூக்கினேன். அவர் கை நீண்டது, பாதியில் நின்றுவிட்டது. நானே கொண்டுபோய் வண்டியில் வைத்தேன்.

ரிவர்ஸ் போட்டுக் கொட்டகையைவிட்டு வெளியே எடுத்தேன். மொத மொத முன்னால் கிளம்ப வேண்டிய வண்டி பின்புறமாகவே வாசலைத் தாண்டியது. எங்கள் தெருவில் ரோட்டின்மேல் ரோடு போட்டு அது உயர்ந்துகொண்டே போயிருக்கிறது, வீடுகள் பள்ளத்தில் நிற்கின்றன. வாசலிலிருந்து ரோட்டுக்கு ஒரு சரிவு ஏற வேண்டும். பாதிச் சரிவில் இன்ஜின் நின்றது. சாவியைத் திருகினேன். பல மாதம் சும்மா கிடந்த பாட்டரி, கொட்டகையில் ஒரு தடவை கிளப்பியதிலேயே தீர்ந்துபோய், ஒரு முனகலோடு ஓய்ந்தது. வண்டி வீட்டைப் பார்த்தபடி உறுமாமல் நின்றது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டேன். விட்டால் நேராகப் போய்த் திரும்பவும் அவர் வாசலில்தான் நிற்கும். இதுவும் நடக்காது, இந்த ஜென்மத்தில் இங்கிருந்து போக மாட்டோம் என்று தோன்றியது.

கியரை எடுத்துவிட்டுப் பிரேக்கை மெதுவாகத் தளர்த்திப் பார்த்தேன். வண்டி முன்னால் சரியவில்லை. பின்னால் நகர்ந்தது.

மாமனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பானட்டில் இரண்டு கையையும் ஊன்றி, குனிந்து தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் என் மனைவி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவருடைய முகத்தை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. நெற்றியெல்லாம் வேர்வை. வயசாகியிருந்தது. நான் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தேன்.

"எறங்காதீங்க மாப்பிள்ள" என்றார், மூச்சு வாங்க. "எறங்குனா உள்ள வந்துடும். பின்னால பாத்துப் புடிங்க."

நான் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன்.